உச்சி விடுபட்ட படம்

மருத்துவமனையின் அடித்தளத்தில், சமையலறைக்கும் துணி வெளுக்கும் அறைக்கும் நடுவே எக்ஸ்ரே அறை இருந்தது. இருபத்தாறு வருடமாக அங்கே பகல் ஷிப்டில் ஒரே மனிதர்தான். ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரைப் பலகைக்கு முன்னால் நிற்க வைத்து, "நெஞ்ச ஒட்டி நில்லுங்க, தாடைய மேல தூக்குங்க, மூச்ச இழுங்க, பிடிங்க" என்பார். பொத்தானை அழுத்துவார். "விடலாம்" என்பார். நர்சுகள் அவருக்கு மூச்சண்ணன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சம்பளச் சீட்டில் இருந்த பெயர், சீட்டு அச்சடிக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்டால், "பொண்ணு பாக்கப் போனா உள்ள எலும்பு வரைக்கும் பாத்துடுவேன்னு பயப்படுறாங்க" என்று சொல்லிச் சமாளிப்பார். நாற்பத்தைந்து தாண்டியதும் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அவரும் அந்த ஜோக்கை எடுத்து வைத்துவிட்டார்.

ஊருக்குள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தார். அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் அவருடைய தங்கையும் அவள் கணவரும் இருந்தார்கள். இருட்டுவதற்கு முன் கீழே இறங்கி அவர்களோடு சாப்பிட்டுவிட்டு மேலே ஏறுவது வழக்கம். தங்கை நூலகத்தில் வேலை பார்த்தாள். புத்தகம் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் தேதி முத்திரை குத்துகிற மேசை அவளுடையது. ஒரு நாள் தாமதமாகக் கொண்டுவந்தாலும் கண்ணை உயர்த்தி ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் புத்தகத்தைப் படிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று அவள் கணவர் சொல்லுவார்.

அந்த மாப்பிள்ளைக்கு லிப்ட் பழுது பார்க்கிற வேலை. குள்ளமான, தடித்த உடம்பு. குரல் ஏழு மாடிக்குக் கேட்கும். "நாள் முழுக்க மேலயும் கீழயும் போறேன் மச்சான், ஆனா எங்கயும் போய்ச் சேந்தபாடில்ல" என்பார். கிரீஸ் வாசமும் இருட்டும் நிறைந்த குழிக்குள் கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டே பாதி ஆயுள் போனவர், ஒரு நாள் ஏதோ ஓர் அலுவலகத்தில் லிப்ட் கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பியபோது, எதிர்ச் சுவர் முழுக்க ஒரு படத்தைப் பார்த்தார். பனிமலை ஒன்று வானத்தில் நின்றது. அதே மலை தண்ணீருக்குள் தலைகீழாகவும் நின்றது. எது தரை, எது தண்ணீர் என்று கண்டுபிடிக்க முடியாத ஏரி. கையிலிருந்த ஸ்பேனரோடு அரை மணி நேரம் நின்றுவிட்டாராம். மேல் மாடியில் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப் போனார்கள்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். யாரோ பயன்படுத்திய காமிரா ஒன்றை வாங்கினார். விசாரித்துப் பார்த்ததில், அதே மாதிரி ஓர் ஏரி எட்டு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நான்கு மணி நேரம் நடந்தால் தகரக் கூரை போட்ட ஒரு குடில். அங்கிருந்து செங்குத்தாக, பாறைகளுக்கு நடுவே நாற்பது நிமிடம் ஏறினால் ஏரி.

"துணைக்கு வாங்க மச்சான். படம் எடுக்கிறதுல நமக்குள்ள நீங்கதான் சீனியர்" என்றார்.

"நான் எடுக்கிறதெல்லாம் வீட்ல மாட்டுற படமா மாப்ள?"

"மாட்டலைன்னா என்ன, வெளிச்சம் எவ்வளவு, எவ்வளவு நேரம்னு கணக்குத் தெரியுமில்ல? வாங்க."

மூச்சண்ணன் போனார். அதிலிருந்து எட்டு வருடம், ஒவ்வொரு வருடமும் பனி உருகி மழை தொடங்குவதற்கு முன்னால் வருகிற அந்த ஒரு வாரத்தில் போனார்.

மலையைப் படம் பிடிப்பது ஒரு வித்தை என்றால், தண்ணீருக்குள் இருக்கிற மலையைப் பிடிப்பது வேறு வித்தை. விடிந்ததும் வெயில் முதலில் உச்சியில் படும். ஏரி அப்போது நிழலில் கிடக்கும், அசையாது. சரியாகக் கால் மணி நேரம். வெயில் சரிவில் இறங்கி வந்து பாறையைச் சூடாக்கியதும் காற்று கிளம்பிவிடும். தண்ணீர் சுருங்கும், மலை கலைந்துவிடும். மேலே இருக்கிற மலைக்கு வெளிச்சம் அதிகம், தண்ணீரில் இருப்பதற்குக் குறைவு. இரண்டையும் சமமாக்க, பாதி கருப்பும் பாதி தெளிவுமாக ஒரு கண்ணாடியைக் காமிராவுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். அதெல்லாம் மாப்பிள்ளையின் பொறுப்பு. மச்சானின் பொறுப்பு காற்று. கரையோரம் ஒரு குச்சியை நட்டு, அதில் கம்பளி நூல் ஒன்றைக் கட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"நூல் தூங்குது மாப்ள" என்பார். இல்லாவிட்டால், "முழிச்சுக்கிச்சு" என்பார்.

எட்டு வருடமும் பெரும்பாலும் நூல் முழித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு வருடம் ஏரியின் பாதி உறைந்தே கிடந்தது. ஒரு வருடம் தங்கிய மூன்று நாளும் மூடுபனி. மலை இருக்கிறதா, யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா என்றே தெரியவில்லை. ஒரு தடவை மட்டும் எல்லாம் கூடி வந்தது. நூல் தூங்கியது, உச்சி சிவந்தது, மலை முழுசாகத் தண்ணீரில் இறங்கியது. மாப்பிள்ளை விரலைப் பொத்தானில் வைத்தபோது, எங்கிருந்தோ மேய்ப்பனின் இரண்டு நாய்கள் வந்து ஏரியில் வாய் வைத்து நக்கின. மலை அடிவாரத்திலிருந்து உச்சிவரை நடுங்கிப் போனது. நாய்கள் தாகம் தீர்ந்து போவதற்குள் காற்று வந்துவிட்டது. மாப்பிள்ளை கல்லில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"எட்டு வருஷமா ரெண்டு பேரும் அந்த மலையப் பொண்ணு பாத்துட்டு வர்றீங்க. அவ இன்னும் தலையத் தூக்கலையா?" என்று தங்கை கேட்பாள். ஆனால் போகும்போது கம்பளிக் காலுறைகளைத் துவைத்து, ரொட்டியைத் துணியில் சுற்றி, பையின் வாயைக் கட்டித் தருகிறவளும் அவள்தான்.

ஒன்பதாவது வருடம், புறப்பட இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தபோது மாப்பிள்ளை எக்ஸ்ரே அறைக்கு வந்தார். நோய் என்று வரவில்லை. கம்பெனியில் எல்லாருக்கும் வருடாந்தர உடல் பரிசோதனை. வரிசையில் பதினோராவது ஆளாக நின்று, சட்டையைக் கழற்றிக்கொண்டே, "உள்ள இதயம்னு ஒண்ணு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க மச்சான்" என்றார்.

"இருக்கும். நீங்கதான் பயன்படுத்தினதில்ல. மூச்ச இழுங்க. பிடிங்க."

படம் திரையில் விழுந்தது. வலது நுரையீரலின் உச்சியில், காறை எலும்புக்குக் கீழே, எலுமிச்சம்பழ அளவுக்கு வெள்ளையாக ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக.

மூச்சண்ணன் டாக்டர் இல்லை. படத்தைப் பார்த்து என்ன நோய் என்று சொல்ல அவருக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் இருபத்தாறு வருடத்தில் இந்த மாதிரிப் பிசிறை அவர் நூறு தடவையாவது பார்த்திருப்பார். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். மேசை இழுப்பறையில் சிவப்புச் சீட்டுக் கட்டு இருக்கும். ஒன்றைக் கிழித்து, தேதி போட்டு, 'உடனே பார்க்கவும்' என்று எழுதிப் படத்தோடு சேர்த்து டாக்டர் மேசைக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனிப் பரிசோதனைப் படங்களெல்லாம் பொதுக் குவியலில் கிடந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் டாக்டர் கண்ணுக்கு வரும்.

இழுப்பறையைத் திறந்தார். சீட்டுக் கட்டைப் பார்த்தார். மூடிவிட்டார்.

"என்ன மச்சான், இருக்கா இல்லையா?" வெளியே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மாப்பிள்ளை கத்தினார்.

"இருக்கு, இருக்கு. போங்க. அடுத்த ஆளக் கூப்பிடுங்க."

அவ்வளவுதான் நடந்தது. அதற்குக் காரணம் என்ன என்று பிற்பாடு பல விதமாகச் சொல்லிப் பார்த்தார். சீட்டு எழுதினால் நாளைக்கே ஸ்கேன், ஊசி, கட்டில் என்று இழுத்துப் போட்டுவிடுவார்கள், அப்புறம் அந்த மனிதர் மலை ஏறப் போவதே இல்லை, ஒரு தடவையாவது பார்த்துவிட்டு வரட்டும் என்று நினைத்ததாகச் சொல்லிக்கொண்டார். பன்னிரண்டு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்ததாகவும் சொல்லிக்கொண்டார். எல்லாம் உண்மைதான். ஆனால் எட்டு வருடம் நூலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவரும்தானே. அந்தக் கால் மணி நேரம் அவருக்கும் வேண்டியிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மாப்பிள்ளையின் பையையும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். நான்கு மணி நேரப் பாதை ஏழு மணி நேரமானது. குடிலைப் பார்த்துக்கொள்கிறவர் காலை இழுத்து இழுத்து நடக்கிற வயதானவர். அவர் வாசலுக்கு வந்து, "இந்த வருஷம் என்னை விட மெதுவா வர்றீங்களே" என்றார்.

முதல் நாள் விடியலில் காற்று. இரண்டாம் நாள் நூல் தூங்கிக்கொண்டிருந்தது, ஆனால் நாற்பது நிமிட ஏற்றத்தில் மாப்பிள்ளை ஆறு இடத்தில் உட்கார்ந்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏரிவரை இறங்கிவிட்டிருந்தது. மூன்றாம் நாள் அவர் படுக்கையை விட்டு எழுந்து, பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்து, அப்படியே கொஞ்ச நேரம் இருமினார். பிறகு கயிற்றை அவிழ்த்தார்.

"நீங்க போங்க மச்சான்."

"நான் போய் என்ன பண்ணப் போறேன்? எனக்கு அந்தக் கண்ணாடி பிடிக்கக்கூடத் தெரியாது."

"கருப்பு மேல, தெளிவு கீழ. அம்புட்டுதான் விஷயம். போங்க, விடியுது."

மூச்சண்ணன் தனியாக ஏறினார். குச்சியை நட்டு நூலைக் கட்டினார். நூல் செத்த மாதிரித் தொங்கியது. உச்சியில் முதல் வெயில் விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மலை தண்ணீருக்குள் இறங்கியது. வெடிப்பு வெடிப்பாக, பனிக்கோடு பனிக்கோடாக, ஒன்றுகூட விட்டுப்போகாமல். இத்தனை வருடம் அவர் நூலைத்தான் பார்த்திருக்கிறார். மலையைப் பார்த்ததில்லை. முக்காலியை நிறுத்தி, கண்ணாடியை விரலால் பிடித்து, நான்கு படம் எடுத்தார். நான்காவதை எடுக்கும்போது வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தப் பத்து நிமிடமும் மாப்பிள்ளையின் நெஞ்சில் இருந்த வெள்ளை அவர் நினைவிலேயே இல்லை. பின்னால் அவரால் தாங்க முடியாமல் போனது அதுதான். சீட்டு எழுதாததைக்கூட ஒரு நாள் தனக்குத் தானே சொல்லி ஆற்றிக்கொள்ள முடிந்தது. சிரித்ததை முடியவில்லை.

கீழே இறங்கியபோது மாப்பிள்ளை குடில் வாசல் பெஞ்சில், போர்வையைப் போர்த்திக்கொண்டு, வெயிலில் உட்கார்ந்திருந்தார். காமிராவை வாங்கி, பின்பக்கத் திரையைக் கையால் மறைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"விழுந்துடுச்சு" என்றார். பிறகு காமிராவை மடியில் வைத்தார். "மச்சான், எட்டு வருஷத்துல என் பைய நீங்க ஒரு தடவ தூக்கினதில்ல. 'உங்க பை உங்க பாடு'ன்னு முன்னால போயிடுவீங்க. இந்தத் தடவ பஸ்ஸ விட்டு எறங்கினதுலேருந்து என் பை உங்க தோள்ல. என் நெஞ்சுல என்ன பாத்தீங்க?"

மூச்சண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினார்.

மாப்பிள்ளை அந்த வட்டத்தையே பார்த்தார். "எனக்காகச் சொல்லாம இருந்தீங்களா, இதுக்காகவா?" காமிராவைத் தட்டினார்.

"தெரியல மாப்ள."

"ம்." போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டார். கோபப்படுவார் என்று மூச்சண்ணன் காத்திருந்தார். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவளுக்கு இது தெரிய வேணாம். இங்க நாம எதுவும் பேசல. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊருக்குப் போய்த்தான் தெரிஞ்சுது. சரியா?"

"சரி."

ஊர் திரும்பிய மறுநாள் காலையில், குவியலின் அடியிலிருந்து அந்தப் படத்தை உருவி, சிவப்புச் சீட்டு எழுதி, தேதி போட்டு, தன் கையாலேயே டாக்டர் மேசையில் வைத்தார். மத்தியானத்துக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. அது நெஞ்சோடு நிற்கவில்லை. ஈரல், முதுகெலும்பு என்று எங்கெங்கோ போய் உட்கார்ந்திருந்தது.

பத்தரை மாதம். அதில் முதல் மூன்று மாதம் மருந்து ஏற்றினார்கள். பிறகு வேண்டாம் என்றார்கள். மாப்பிள்ளையின் குரல் ஏழு மாடியிலிருந்து ஆறு, ஐந்து என்று இறங்கிக் கடைசியில் பக்கத்துத் தலையணைக்குத்தான் கேட்டது. மூச்சண்ணன் வேலை முடிந்ததும் நேராக இரண்டாவது மாடிக்கு வந்து கட்டில் பக்கத்தில் உட்காருவார். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாங்கி வந்திருந்தார். சுவரில் மாட்டலாம் என்றார். மாப்பிள்ளை அதை மார்பில் நிறுத்திவைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லிப்ட் சக்கரத்தில் தேய்மானம் பார்க்கிற மாதிரி அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது.

"மச்சான், உச்சிய வெட்டிட்டீங்களே!"

"எங்க?"

"மேல இல்ல, கீழ. தண்ணிக்குள்ள இருக்கிற மலையப் பாருங்க. நுனி எங்க?"

உண்மைதான். ஏரியில் தலைகீழாக நின்ற மலையின் கூர்மையான நுனி, படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு விரற்கடை விடுபட்டுப் போயிருந்தது. நான்கு படத்திலும் அப்படியே. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மூச்சண்ணன் முதல் நாள் சொல்லித் தருகிற பாடமே, நுரையீரலின் உச்சி விடுபடாமல் எடுக்க வேண்டும் என்பதுதான்.

"என் நெஞ்சுல உச்சிய விடாம எடுத்தாரு. மலையில கோட்ட விட்டுட்டாரு" என்று மாப்பிள்ளை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். தங்கை கதவு நிலையில் சாய்ந்து நின்று சிரித்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்க அரை மணி நேரமானது. அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

படம் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. குறையுள்ள வேலையைச் சுவரில் மாட்டக்கூடாது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அடுத்த பருவம் தொடங்க ஐந்து வாரம் இருக்கும்போது அவர் இறந்துபோனார்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய காகிதங்களைத் தங்கை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். மருத்துவமனைக் கோப்பை முதலிலிருந்து தேதிவாரியாக அடுக்கினாள். முதல் எக்ஸ்ரே உறை. அதன்மேல் குத்தியிருந்த சிவப்புச் சீட்டு. சீட்டில் இருந்த கையெழுத்து யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் அவளுக்கு எழுதப் பழக்கிய கை அது. உறையில் ஒரு தேதி, சீட்டில் ஒரு தேதி.

அன்று அவர் சாப்பிட வந்தபோது தட்டு வைத்திருக்கவில்லை. மேசையில் உறை மட்டும் இருந்தது.

"அண்ணே, இந்தப் படம் எடுத்தது நீதான?"

"ஆமா."

"எடுத்த அன்னைக்கே பாத்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். இருபது பேர் வரிசையில் நின்றார்கள், கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். "பாத்தேன்" என்றார்.

"பதினெட்டு நாள்" என்றாள். விரல்விட்டு எண்ணவில்லை. "பதினெட்டு நாள் என் கையால சாப்பிட்டிருக்க. காலுறை தொவச்சுக் கொடுத்தேன். பையக் கட்டிக் கொடுத்தேன். நீ வாங்கிக்கிட்டுப் போன."

"டாக்டர்கிட்ட கேட்டேம்மா. பதினெட்டு நாள்ல எதுவும் மாறியிருக்காதுன்னு..."

"அத டாக்டர் சொல்லட்டும். நீ சொல்லாத." அவள் குரல் உயரவே இல்லை. "அவருக்கு மட்டும் அன்னைக்கே தெரிஞ்சிருந்தா மலையும் வேணாம், மண்ணும் வேணாம்னு வீட்ல இருந்திருப்பாரு. பதினெட்டு நாள் என்கூட இருந்திருப்பாரு. நல்லா இருந்த பதினெட்டு நாள்."

குடில் வாசலில் மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பழியில் ஒரு பங்கு குறையும். ஆனால் அவளிடம் மிச்சமிருந்தது செத்துப்போன ஒரு மனிதர் மட்டும்தான். அவரும் தன்னிடம் மறைத்தார் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். மூச்சண்ணன் உறையின் ஓரத்தைத் தடவிவிட்டு மேலே ஏறிப் போனார்.

அவள் சாப்பாட்டை நிறுத்திவிடவில்லை. தினமும் நான்காவது மாடிக்கு வந்து, மூடி போட்ட பாத்திரத்தைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிவிடுவாள். அவர் கதவைத் திறக்கும்போது படியில் காலடிச் சத்தம் மட்டும் இருக்கும். பாத்திரத்தைக் கழுவி அவள் வாசலில் வைத்துவிட்டு வருவார். இப்படியே பத்து மாதம். ஒரு தடவை சீட்டில் 'மன்னிச்சுடு' என்று எழுதிப் பாத்திரத்துக்குள் போட்டு அனுப்பினார். மறுநாள் சாப்பாடு வந்தது. சீட்டுக்குப் பதில் வரவில்லை.

மருத்துவமனையில் அவர் எதற்கெடுத்தாலும் சிவப்புச் சீட்டு எழுத ஆரம்பித்தார். சளிக்கு ஒன்று, பழைய தழும்புக்கு ஒன்று, சட்டைப் பொத்தானின் நிழலுக்குக்கூட ஒன்று. ஒரு நாள் டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"ஒரே நாள்ல முப்பத்தொரு சிவப்பு. எல்லாமே அவசரம்னா எதை நான் மொதல்ல பாக்கறது?"

"தெரியல சார்."

"கொஞ்ச நாள் லீவு போடுங்க. எங்கயோ மலைக்கெல்லாம் போவீங்களே."

லீவு போடவில்லை. சீட்டுக் கட்டை அவரிடமிருந்து எடுத்து, அடுத்த ஷிப்டில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். இனிமேல் அவர் படம் எடுத்தால் போதும், எது அவசரம் என்று அந்தப் பெண் பார்த்துக்கொள்வாள் என்று ஏற்பாடு. அந்தப் பெண்ணுக்கு அனுபவம் இரண்டு வருடம்.

பதினோராவது மாதம் ஒரு நாள் கதவில் தட்டுச் சத்தம் கேட்கவில்லை. பசித்துக் கீழே போய்ப் பார்த்தபோது இரண்டாவது மாடி வீட்டில் யாரோ சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். நூலகத்தில் வேறு கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாளாம். எந்தக் கிளை என்று வெள்ளையடிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? நூலகத்தில் போய்க் கேட்டார். அவள் உட்கார்ந்த மேசையில் இருந்த ஆள், சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்றிலிருந்து மருத்துவமனைக் கேன்டீனில் சாப்பிடுகிறார்.

பனி உருகிய வாரத்தில் குடில்காரர் போன் செய்தார். அங்கே சிக்னல் கிடைக்க அவர் ஒரு பாறைமேல் ஏறி நின்றுதான் பேச வேண்டும்.

"தண்ணி கண்ணாடி மாதிரி நிக்குது. நாலு நாளா காத்தே இல்ல. போன வருஷமும் வரல. எப்ப வர்றீங்க?"

மூச்சண்ணன் விஷயத்தைச் சொன்னார்.

"அடக் கடவுளே. சத்தமாப் பேசுவாரே, பாவம்... உங்க தங்கச்சி? ரொட்டி கட்டிக் கொடுத்து விடுவாங்களே, அவங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா" என்றார் மூச்சண்ணன்.

"எங்க, உங்களோடதான் இருக்காங்களா?"

"ஆமா" என்றார். வெளியே இரண்டு பேர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஆட்கள் நிற்கிறார்கள் என்று சொல்லி போனை வைத்தார்.